ஊரும் வயலும் காடும் ஒரே நிலம்

(இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



நடை என்னும் சொல் தமிழில் பல பொருள் சுமந்தது. காலால் நடத்தலும் நடை. வாழ்வில் ஒழுகும் ஒழுக்கமும் நடை. புலவன் எழுதும் முறையும் நடை. மூன்றுக்கும் ஒரே சொல்லை முன்னோர் வைத்தது சொல்வறுமையால் அன்று. ஒருவன் எந்நிலத்தில் எவ்வாறு கால் வைக்கின்றானோ, அதுவே அவன் ஒழுக்கம் ஆகின்றது. அவ்வொழுக்கமே அவன் மொழியாகவும் வெளிப்படுகின்றது. ஆகலின், ஓர் ஊரினின்று புறப்பட்டு, வயல்வழியே சென்று, காட்டை அடையும் ஒரு சிறு நடையைப் பற்றிப் பேசுவது பொழுதுபோக்குப் பேச்சு ஆகாது. நிலத்தின் உரிமை பற்றிய பேச்சு அது.

சிலப்பதிகாரத்தில் பத்தாவது காதைக்கு நாடுகாண் காதை என்று பெயர். பதினோராவது காதைக்குக் காடுகாண் காதை என்று பெயர். இரண்டும் நடையின் காதைகளே. புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும், உடன்வந்த கவுந்தியடிகளும், காவிரிக் கரையோடு நடந்து, சோழநாட்டு மருதநிலத்தைக் கண்டு, பின்னர்க் காட்டைக் கடந்து மதுரையை அடைகின்றனர். புறப்படும் வேளையில் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கின்றார். சோலைவழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடிக் கிடக்கும், கால் இடறும். மஞ்சளும் இஞ்சியும் விளையும் பாத்திகளில் பலாவின் கொட்டைகள் பரற்கல் போல் அடியை உறுத்தும். நீர் மோதும் கரைவழியே சென்றாலோ, நண்டும் நத்தையும் அறியாமலே மிதிபட்டு மடியும்; அத்துயர் தாங்கவொண்ணாதது.

இவ்வெச்சரிக்கையை ஊன்றி நோக்குக. நடப்பவர் காலுக்கு வரும் துன்பமும், நடப்பவர் காலால் பிற உயிர்க்கு வரும் துன்பமும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. நிலம் வெறுந்தரை அன்று. அடிதோறும் ஓர் உயிர் உண்டு என்பதே அடிகளார் கருத்து.

பின்னர்க் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் ஒருவன் மதுரைக்குச் செல்லும் வழி கூறுகின்றான். கொடும்பாளூர்க்கு அணித்தே வழி மூன்றாகப் பிரிகின்றது. வலப்பக்க வழி வறண்ட நிலங்களூடே சிறுமலையை நோக்கிச் செல்லும். இடப்பக்க வழி வயல்களையும் பூஞ்சோலைகளையும் காடுகளையும் அடுத்தடுத்துக் கடந்து திருமால்குன்றத்தை, அஃதாவது இன்றைய அழகர்மலையை, அடையும். நடுவழியோ ஊர்கள் இடையிட்ட காடுகளூடே செல்லும். வயலை அடுத்துச் சோலை, சோலையை அடுத்துக் காடு, காட்டுக்கு இடையே ஊர் என நிலம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த நிலையை இக்காதை காட்டுகின்றது. ஊர் முடிந்தது, இனிக் காடு என்று வெட்டிப் பிரித்த எல்லைக்கோடு அங்கு இல்லை.

அந்த இடப்பக்க வழி சென்று முடியும் அழகர்மலைக்கு அணித்தே, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. மதுரையினின்று ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. அவ்வூரைப் பற்றி இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்க. ஒன்று 193.215 எக்டேர். மற்றொன்று 2,015.51 எக்டேர். முதல் எண், காக்கத் தக்கது என 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நிலத்தின் அளவு. இரண்டாம் எண், தோண்டத் தக்கது என 2024ஆம் ஆண்டில் ஏலம் போன நிலத்தின் அளவு. முன்னதன் பெரும்பகுதி பின்னதனுள்ளேயே கிடந்தது! இவ்விரண்டு எண்களுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள ஒரே வழி, அத்தகைய நிலத்தில் ஒருமுறை நடந்து பார்த்தலே.

நடை ஊரில் தொடங்குகின்றது. பாண்டிநாட்டுச் சிற்றூர் எதனை எடுத்துக்கொண்டாலும் வீடுகளின் தொகுதி மட்டுமே ஊர் ஆகாது. வீடுகளை அடுத்து மந்தை உண்டு. அங்கே ஆலோ அரசோ நிழல் பரப்பி நிற்கும். காலையில் ஆடு மாடுகள் கூடும். மாலையில் ஊரவர் கூடுவர். அதனை அடுத்து ஊருணி. ஊர் உண்ணும் நீர் ஆகலின் ஊருணி. அதில் கால் கழுவுதலும் துணி துவைத்தலும் ஆகா என்பது எழுதாச் சட்டம். அப்பால் களம், கதிரடிக்கவும் தூற்றவும் நெல் காயவைக்கவும் பொதுவில் விடப்பட்ட இடம். அதற்கும் அப்பால் வண்டித்தடம். மாட்டுவண்டியின் இரு சக்கரமும் தலைமுறை தலைமுறையாக அழுந்திப் பதிந்த தடம். மந்தையும் ஊருணியும் களமும் தடமும் எவர் ஒருவர்க்கும் உரிய சொத்தும் அல்ல. ஆயினும் இவை இன்றி எவர் ஒருவர் சொத்தும் பயன்படாது.

வண்டித்தடத்தின் முடிவில் வரப்பு தொடங்குகின்றது. அகன்ற தடம் ஓரடி அகலமாகக் குறுகுகின்றது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயலில் இறங்கி வழிவிட வேண்டும். தலைச்சுமையோடு வருபவர்க்குச் சுமையில்லாதவர் இறங்கி வழிவிடுவது வரப்பின் நெறி. வரப்பின் ஒருபுறம் வாய்க்கால் ஓடும். வாய்க்காலைப் பின்பற்றிச் சென்றால் மடைக்குச் செல்லலாம். மடையைக் கடந்தால் கண்மாய்க் கரைமேல் ஏறலாம்.

கண்மாய் என்பது பாண்டிநாட்டுச் சொல். வடபுலத்தார் ஏரி என்பர். அதன் உறுப்புகளுக்குத் தமிழில் உள்ள பெயர்களைக் கேளுங்கள். மழைநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். நீர் தேங்கும் பரப்பு நீர்ப்பிடி. நீரைத் தாங்குவது கரை. நீரை வயலுக்கு விடுவது மடை. மிகுந்த நீர் கரையை உடைக்காது வழிந்தோட அமைத்த கல்லணை கலுங்கு. கலுங்கு தாண்டிய நீர் செல்வது மறுகால். அக்கண்மாயால் விளையும் நிலம் அனைத்தும் ஆயக்கட்டு. எவர் வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்று பகிர்ந்து விடுபவர் நீர்பாய்ச்சி.

இவற்றுள்ளும் வியத்தற்குரியது குமிழித்தூம்பு. கரையினின்று சற்று உள்ளே, நீருக்கு நடுவே, இரு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் கீழே கல்லால் அமைந்த தொட்டி. மேலே ஒரு துளை, அது நீரோடி. அடியில் சிறு துளைகள்; அவை சேறோடி. மேல்துளையை அடைத்த கல்லைத் தூக்கினால் நீர் குமிழியிட்டு உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் உள்ள சுருங்கைவழியே வாய்க்காலுக்குச் செல்லும். அவ்விழுப்பிலேயே அடியில் படிந்த சேறும் சேறோடி வழியாக இழுக்கப்பட்டு வயலுக்குப் போய்ச் சேரும். கண்மாய் தூரும் வேகம் குறைகின்றது. வயலுக்கு எருவும் கிட்டுகின்றது. ஒரே செயலில் இரு பயன்! பொறியியல் கல்லூரி எதுவும் இல்லாத காலத்தில், நிலத்தில் நடந்து நடந்து கண்ட அறிவு இது.

அரிட்டாபட்டிப் பகுதியில் 72 நீர்நிலைகளும், 200 இயற்கை ஊற்றுகளும், 3 தடுப்பணைகளும் உள்ளன என்று தமிழ்நாட்டு அரசின் 2022ஆம் ஆண்டு அறிவிப்புக் கணக்குக் கூறுகின்றது. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் ஆட்சியில் அமைந்தது என்றும் அது குறிக்கின்றது. 72 என்னும் எண்ணைத் தனித்தனிக் குட்டைகளின் கணக்காகக் கொள்ளலாகாது. பாண்டிநாட்டுக் கண்மாய்கள் தொடர்க் கண்மாய்கள். மேலுள்ள கண்மாயின் மறுகால் கீழுள்ள கண்மாயின் வரத்துக்கால் ஆகும். ஒன்றின் மிகை மற்றொன்றின் வாழ்வு. எனவே தொடரின் தலைப்பில் ஒரு வரத்துக்காலைத் தூர்த்தால், கடைக்கோடியில், தனக்கு என்ன நேர்ந்தது என்றே அறியாத ஓர் உழவன் வயல் காயும்.

தலைப்பு எங்கே உள்ளது? அதை அறியக் கண்மாயின் நீர்ப்பிடியைச் சுற்றி வரத்துக்காலின் எதிர்த்திசையில் ஏறிச் செல்லல் வேண்டும். மண்ணின் நிறம் மாறும். நன்செய் முடிந்து புன்செய் வரும். பனை நிற்கும், புளி நிற்கும். அதன்பின் முட்புதர் தொடங்கும். இத்தகைய வறண்ட குன்றடிக் காடுகளில் உசிலையும் வாகையும் காரையும் சூரையும் ஆவாரையும் கள்ளியும் விரவி வளரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருங்காட்டைக் கண்ட கண்ணுக்கு இது காடாகவே தோன்றாது. ஆயினும் தமிழன் இதனையும் காடு என்றே அழைத்தான். தென்னாட்டு உழவர் புன்செய்க்குச் செல்வதையும் காட்டுக்குப் போவதாகவே சொல்வர். விளையும் காடும் காடே, விளையாக் காடும் காடே. மரம் நெருங்கி நிற்கும் இடம் மட்டுமே காடு எனப் பொருள் கொள்வது பிறர் நாட்டு வழக்கம்; தமிழ் வழக்கம் அன்று.

புதர்க்காட்டைக் கடந்தால் பாறை. அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள் உள. பாறையின்மேல் பெய்யும் மழை நிற்பதில்லை, வழிந்தோடும். ஒரு பகுதி பிளவுகளில் இறங்கி ஊற்றாகக் கசியும். எஞ்சியது புதர்க்காட்டில் இறங்கும்பொழுது வேர்களும் சருகும் அதன் விரைவைத் தடுக்கும். மண்ணை அரித்துக்கொண்டு போகாதவாறு காக்கும். அதன்பின்னரே வரத்துக்கால், கண்மாய், மடை, வயல், களம், அடுப்பு! ஊரில் ஒரு வீட்டில் சோறு வேகின்றது என்றால் அதற்கு முதல் விறகு குன்றின் உச்சியில் விழும் மழைத்துளியே.

திரும்பும் திசையிலும் இதே தொடர்பு. காட்டுத் தழை வயலுக்கு உரம் ஆகும். காட்டில் மேய்ந்த ஆடுகள் அறுவடை முடிந்த வயலில் கிடை போடப்படும். அவற்றின் புழுக்கையே மறுபோகத்துக்கு எரு. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டல் வண்டி வண்டியாக வயலுக்குச் செல்லும். கண்மாய் ஆழம் பெறும், வயல் வளம் பெறும். ஆக, நீர் மேலிருந்து கீழ் இறங்குகின்றது. உழைப்பு கீழிருந்து மேல் ஏறுகின்றது. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே வேளாண்மை.

குன்றின்மேல் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அரிட்டாபட்டிப் பகுதியில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் கணக்கிடப்பட்டுள்ளன. வல்லூறும் இராசாளியும் கழுகும் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் அங்கு உள்ளன. வேட்டைப் பறவை மிகுந்து வாழும் இடத்தில் அவற்றுக்கு இரையாகும் சிற்றுயிர்களும் மிகுந்திருத்தல் வேண்டும். அச்சிற்றுயிர்களுக்கு வயலும் நீரும் புதரும் வேண்டும். வானில் ஒரு வல்லூறு வட்டமிடுகின்றது என்றால் கீழே வயல் இன்னும் நஞ்சாகவில்லை என்று பொருள்.

மாந்தரும் பண்டு அங்கே தங்கினர். கழிஞ்சமலையின் குகைத்தளத்தில் கிறித்துவுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. சமணத் துறவியர் தங்குதற்குக் குகையை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை அவை கூறுகின்றன. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவன் கொடுத்தது ஒன்று. இலஞ்சி வேளின் மகன் கொடுத்தது மற்றொன்று. பல நூற்றாண்டு கழித்து, அதே மலையில் அச்சணந்தி என்னும் சமணப் பெரியார் செய்வித்த திருமேனிக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டது. மலையின் அன்றைய பெயர் திருப்பிணையன் மலை என்றும், அத்திருமேனி பாதிரிக்குடியார் காப்பில் உள்ளது என்றும் அது கூறும். மற்றொரு குன்றில் முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் குடைவரை. அங்கே தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம் உள்ளது.

பாதிரிக்குடியார் காப்பு! எத்துணைப் பொருள் பொதிந்த தொடர்! வேந்தன் காப்பில் விடவில்லை. படையின் காப்பில் விடவில்லை. அருகே வாழும் குடியின் காப்பில் விட்டனர். குன்றைக் காப்பவர் குன்றடியில் வாழ்பவரே என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர்.

இனி, அவ்விரண்டு எண்களின் கதைக்கு வருக.

2022 நவம்பரில், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தளமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களின் 193.215 எக்டேர் நிலம் அதற்குள் அடங்கிற்று. சரியாக ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டித் தங்குதன் சுரங்கம் என்னும் பெயரில் 2,015.51 எக்டேர் நிலத்தை ஒன்றிய அரசு ஏலம் விட்டதாக அறிவிப்பு வந்தது. செய்தித்தாள்கள் டங்சுடன் என்று எழுதியதும் இந்த மாழையையே. ஏலம் எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துசுத்தான் சிங்க் நிறுவனம். அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி முதலிய ஊர்களின் மக்கள் தம் வயலும் கண்மாயும் வீடும் ஒரு சுரங்க வரைபடத்துள் அடங்கியிருப்பதைச் செய்தியின் வழியே அறிந்தனர்.

வரைபடம் பொய் சொல்லிற்றா? இல்லை. நிலத்துக்கு அடியில் என்ன உள்ளது என்று அது கூறிற்று. நிலத்தின்மேல் என்ன உள்ளது என்று கூறவில்லை. அதில் வரத்துக்கால் இல்லை, கலுங்கு இல்லை, குமிழி இல்லை, மந்தை இல்லை. பெயரில்லா நிலமாக, ஒரு கட்டமாக, அது கிடந்தது. காலால் நடவாதவன் கண்ணுக்கு எந்த நிலமும் கட்டமாகவே தெரியும்.

மேலூர் வட்டத்து மக்கள் இதற்கு முன்னரும் இவ்விழப்பைக் கண்டவர்கள். அவ்வட்டத்தில் கருங்கற் குன்றுகள் அறுத்து விற்கப்பட்டதையும், அதனால் நீர்வழிகள் மறைந்ததையும் அவர்கள் தம் கண்முன் கண்டனர். மதுரை மாவட்டக் கல்குவாரி முறைகேடுகளை ஆராய 2014இல் உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை அமர்த்தியது; 2015இல் அவர் அறிக்கை அளித்தார். மறைந்த குன்றை எந்த அறிக்கையும் திரும்பக் கொண்டுவராது என்பதை அம்மக்கள் நன்கு அறிவர். ஆகவே இம்முறை முன்னரே எழுந்தனர். சிற்றூர் அவைகள் எதிர்ப்பு முடிவுகளை நிறைவேற்றின. 2024 திசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏலத்தைக் கைவிடக் கோரி ஒருமித்து முடிவெடுத்தது.

அதன்பின் நிகழ்ந்ததே இப்பொழிவின் உயிர்நாடி. திசம்பர் இறுதியில் ஒன்றிய அரசு ஓர் இணக்க வழியை முன்வைத்தது. பல்லுயிர் மரபுத் தளத்தை மட்டும் விலக்கிச் சுரங்க எல்லையை மறுவரையறை செய்யலாமா என ஆராயுமாறு நிலவியல் ஆய்வுத்துறையிடம் கூறிற்று. கேட்பதற்கு முறையாகவே தோன்றும். காக்கத் தக்கது 193 எக்டேர், அதனை விட்டுவிட்டோம், எஞ்சிய 1,800க்கு மேற்பட்ட எக்டேரை எடுத்துக்கொள்கின்றோம். இதில் என்ன பிழை?

நடந்து பார்த்தவர்க்கே பிழை தெரியும். குன்றை விட்டுவிட்டுக் குன்றடியைத் தோண்டினால் குன்றின் நீர் எங்கே செல்லும்? ஆழத் தோண்டிய பள்ளத்துள் சுற்றிலும் உள்ள கிணறுகளின் ஊற்று வடியும். வரத்துக்கால் அறுபட்டால் கண்மாய் வெறும் பள்ளம். கண்மாய் வற்றினால் வயல் வெறும் மண். வயல் காய்ந்தால் எலியும் தவளையும் பூச்சியும் இல்லை. அவை இல்லையேல் வல்லூறு மலையில் எதனை உண்டு வாழும்? 193 எக்டேரைச் சுற்றி வேலி கட்டிக் காத்து, அதன் உயிரை வெளியே புதைத்தல் ஆகும் இது. தலையை வெட்டாது விட்டோம், உடலை மட்டுமே எடுத்தோம் என்று கூறுதல் போன்றது.

மக்கள் அந்த இணக்கத்தை ஏற்கவில்லை. பகுதியை விலக்குதல் வேண்டா, முழுவதும் கைவிடுதல் வேண்டும் என்றனர். 2025 சனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியினின்று மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பல்லாயிரவர் திரண்டு சென்றனர். உழவரும் வணிகரும் மகளிரும் முதியோரும் நடந்தனர். நிலத்தில் நடந்து பெற்ற அறிவு, சாலையில் நடக்கும் உரிமைக் குரலாயிற்று. சனவரி 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை முழுமையாக விலக்கிக்கொண்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். தங்குதன் வேண்டாத மாழையா? இல்லை. மாழைகளுள் மிக உயர்ந்த வெப்பத்தில் உருகுவது அது. இரும்பை அறுக்கும் கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் அது வேண்டும். இந்தியா அதனைப் பெரும்பாலும் வெளிநாடுகளினின்றே பெறுகின்றது. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், தங்குதன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் ஆற்றலை ஒன்றிய அரசுக்கு அளித்ததும் அத்தேவையைக் காட்டியே. நாட்டின் தேவை பெரிது, சில ஊர்களின் வயல் சிறிது என்று கூறுவோர் உளர்.

அவர்க்கு விடை இது. ஈராயிரம் ஆண்டாக விளைந்துவரும் நிலமும் நாட்டின் தேவையே. சுரங்கம் சில பத்தாண்டில் முடியும். மூடிய பின் அங்கே மாழையும் இராது, நெல்லும் இராது. கண்மாய்த் தொடரோ, காத்தால், இன்னும் ஆயிரம் ஆண்டு சோறு போடும். தேவை என்னும் தராசின் ஒரு தட்டில் மாழையை வைத்தவர், மறுதட்டில் நீரையும் சோற்றையும் கல்வெட்டையும் வைக்க மறந்தனர். மறந்ததற்கு ஏது, அந்நிலத்தில் அவர்கள் நடந்ததில்லை என்பதே.

இன்னுமோர் ஏதுவும் உண்டு. அது சொல்லில் கிடக்கின்றது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் மந்தையும் களமும் கண்மாயும் மேய்ச்சல் நிலமும் புறம்போக்கு என்று எழுதப்படும். வரி விதிப்புக்குப் புறம்பானது என்பதே அதன் பொருள். ஊர் முழுவதற்கும் பொதுவானது, ஆகலின் எவர் ஒருவரிடமும் வரி கேட்க இயலாது. எத்துணை மதிப்புடைய நிலம்! ஆனால் இன்று அச்சொல் தெருவில் வசைச்சொல் ஆகிவிட்டது. பொதுநிலத்தின் பெயர் இழிசொல் ஆன நாட்டில் பொதுநிலத்தைக் கவர்பவனுக்கு நாணம் வருமா? தரிசு என்னும் சொல்லும் அவ்வாறே. பயிரிடாத புதர்க்காட்டைத் தரிசு என்று எழுதிவிட்டால், அதன்பின் அதனை அழிப்பது அழிவாகவே தோன்றாது, மேம்பாடாகத் தோன்றும். நிலத்தை இழக்குமுன் நிலத்தின் சொல்லை இழக்கின்றான் மாந்தன்.

சுரங்கம் விலகிற்று என்று மகிழ்ந்து அமர்தற்கு இடமில்லை. சுரங்கம் வாராமலே கண்மாய்கள் சாகும் ஊர்கள் பல. வரத்துக்கால்கள் மனைகளாகப் பிரிக்கப்படுகின்றன. களங்கள் கட்டடங்கள் ஆகின்றன. 19ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டினின்று கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல் நீர்ப்பிடிகளை மூடி, உசிலையையும் வாகையையும் ஒதுக்கித் தள்ளுகின்றது. இவற்றை எதிர்த்துப் பல்லாயிரவர் ஊர்வலம் போவதில்லை. ஓசையின்றி நிகழும் இழப்பு இது. வரப்பில் நடப்பவர் இன்மையால் வரப்பு மறைகின்றது. கரைமேல் நடப்பவர் இன்மையால் கரை உடைந்தது தெரிவதில்லை.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2025 மார்ச்சில், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு, தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர் மரபுத் தளமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 4.97 எக்டேர் மட்டுமே. அதுவும் அழகர்மலைக் காட்டுக்கு அணித்தே அமைந்தது. ஊர்மக்கள் தெய்வத்தின் பெயரால் கிளை ஒடிக்காது காத்த கோயிற்காடு அது. சட்டம் பின்னர் வந்தது. ஊரின் காப்பு முன்னரே இருந்தது. பாதிரிக்குடியார் வழிவந்தோர் இன்னும் உளர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலால் அவையத்தீர்! செய்யத்தக்க பணி பெரிதன்று. காசு வேண்டுவதும் அன்று. ஆசிரியராயிருப்போர் ஆண்டுக்கு இருமுறையேனும் தம் பள்ளிப் பிள்ளைகளை ஊர்மந்தையினின்று குன்றடிவரை நடத்திச் செல்க. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று அப்பிள்ளைகள் தம் கையால் வரைக. ஊரில் உள்ள முதியோரிடமும் நீர்பாய்ச்சியிடமும் ஆடு மேய்ப்போரிடமும் ஒவ்வொரு மடைக்கும் பாறைக்கும் மரத்துக்கும் உரிய பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதுக. அவ்வேட்டைச் சிற்றூர் அவையில் படித்துப் பதிவு செய்க. முதியோர் ஒருவர் மறையும்பொழுது ஐம்பது இடப்பெயர்கள் அவருடன் மறைகின்றன. அவற்றை மீட்டெடுக்க எந்த அகராதியாலும் இயலாது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரமும் பறவையும் நீரும் தொழிலும் கருப்பொருள் என்றார். மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். முதல் அழிந்தால் கரு இல்லை. கரு அழிந்தால் உரி எங்கே நிற்கும்? குறிஞ்சியும் முல்லையும் மருதமும் ஏட்டில் மட்டுமே வாழ்வன என்று எண்ணும் மாணவன், ஒரு காலைப்பொழுதில் குன்றும் காடும் வயலும் கடந்து நடந்தால், அவை மூன்றும் தன் காலடியிலேயே கிடப்பதைக் காண்பான். அன்று முதல் அவனுக்கு இலக்கணமும் விளங்கும், நிலமும் விளங்கும்.

வரைபடங்கள் இனியும் வரும். கட்டமிட்டு, எண்ணிட்டு, பெயரின்றி வரும். அவ்வமயம் அந்த வெற்றுக் கட்டத்தின்மேல் விரல் வைத்து, இது வரத்துக்கால், இது கலுங்கு, இது களம், இது ஊருணி என்று தடையின்றிப் பெயர் சொல்ல ஓர் ஊரில் நூறு பேர் இருப்பாராயின், அவ்வூர் நிலம் பிழைக்கும். அந்நூறு பேரை உண்டாக்குவது நடையே.

நடக்க! நடந்து அறிக! அறிந்ததைப் பெயரிட்டுச் சொல்லிக் காக்க!